ஞாயிறு மூன்று மணிக்கு யாரால் வர முடியும்?

கலை நிகழ்ச்சிகள் நடத்துவது என் தொழில் என்று சொன்னால், யார் பாடுகிறார்கள், யார் பேசுகிறார்கள் என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்பதில்லை. பெங்களூரில் அந்தக் கேள்விக்குத்தான் எடை அதிகம். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வைத்தால் இந்திராநகரிலிருந்தும் கோரமங்களாவிலிருந்தும் காரில் வந்து இறங்குவார்கள். அதே நிகழ்ச்சியை ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றினால் மர்பி டவுன், எஜிபுரா, லிங்கராஜபுரம் பக்கத்துப் பெண்கள் வருவார்கள். பாடுபவர் ஒருவரே, மேடை ஒன்றே. கூட்டம் மட்டும் வேறு.

ஏன் மூன்று மணி? வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஞாயிறு காலை விடுமுறை இல்லை. வேலை செய்யும் வீட்டில் அன்றுதான் எல்லோரும் இருப்பார்கள், விருந்தாளிகள் வருவார்கள், பாத்திரம் இரட்டிப்பாகும். அதை முடித்துத் தன் வீட்டுக்கு வந்து, கறி எடுத்துச் சமைத்து, துணி அலசிப் போட்டு, ஈரக் கை காயும்போது மணி இரண்டரை. ஐந்தரைக்கு மேல் மறுநாளுக்கான வேலை ஆரம்பித்துவிடும். நடுவில் கிடைப்பது அவ்வளவுதான். அந்த நேரத்தில் சற்றுத் தலைசாய்க்கலாம் என்று இருப்பவரை வரவழைக்கிறோம் என்றால், தூக்கத்தைவிட நல்லதாக ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். எனக்குத் தெரிந்து எந்தப் பத்திரிகை விமர்சகரும் இவ்வளவு கறாரானவர் இல்லை.

நான் அல்சூர்க்காரி. கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறைதான் அலுவலகம். நானும் இன்னும் இரண்டு பெண்களும் இருக்கிறோம். மைக் செட், பந்தல், நாற்காலி எல்லாம் வாடகைக்கு எடுப்பதுதான். முன்பு பெரிய ஹோட்டல்களில் புதுக் கார், புதுக் கைப்பேசி அறிமுக விழாக்களை நடத்தித் தரும் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அங்கே கற்றுக்கொண்ட ஒழுங்கு இன்றைக்கும் சோறு போடுகிறது. மற்றதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது நடத்துபவை தாலாட்டுப் பிற்பகல், கோலப் பயிற்சி, பழைய குடும்பப் படங்களைக் கொண்டுவந்து கதை சொல்லும் கூட்டம், தையல்காரர்கள் துணித் துண்டுகளை வைத்துச் சேர்ந்து தைக்கும் நாள் என்ற வகையறா. எங்கள் பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்கினி உருது நான்கும் ஒரே குழாயடியில் புழங்கும். ஆகவே நிகழ்ச்சியும் நான்கிலும் நடக்கும்.

என் அரங்கை நிரப்பியதில் பெரிய பங்கு என்னுடையது அல்ல. 2023 ஜூன் 11-ஆம் தேதி கர்நாடக அரசு சக்தி திட்டத்தைத் தொடங்கியது. மாநிலப் பெண்கள் சாதாரண அரசு பஸ்களில் கட்டணம் இல்லாமல் போகலாம். நடத்துநர் பூஜ்ய ரூபாய் டிக்கெட் கிழித்துத் தருவார். அதற்கு முன்பு எஜிபுராவிலிருந்து அல்சூருக்கு வர நினைக்கும் பெண், போக வர பஸ் காசையும் கூட வரும் பிள்ளையின் காசையும் கணக்குப் போட்டுப் பார்ப்பார். பாட்டுக் கேட்க அந்தச் செலவா என்று அடுத்த நிமிடமே முடிவும் செய்துவிடுவார். ஜூனுக்குப் பிறகு அந்தக் கணக்கு ஒழிந்தது. தெரிந்தவர் ஒருவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். அந்த நாலு பேரில் ஒருவர் மாமியாரையும் அழைத்து வந்தார். நான் சமூக வலைத்தளங்களில் விளம்பரத்துக்குக் கொட்டிய பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

எல்லோருக்கும் அந்த டிக்கெட் கிடைப்பதில்லை. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் கல்யாணமாகி வந்த பெண்களின் ஆதாரில் பிறந்த வீட்டு முகவரிதான் இருக்கும். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்தே சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால், அங்கே ஏறிப் பழகிய பெண் ஓசூர் தாண்டி இங்கே வந்ததும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. கோலப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், “அம்மா வீட்டில் இலவசம், மாமியார் வீட்டில் காசு” என்றபோது கூட்டமே சிரித்தது. அதன்பிறகு வரவேற்பு மேசையின் ஓரத்தில் முகவரி மாற்றத்துக்கு என்னென்ன சான்று வேண்டும் என்று எழுதிய ஒரு தாளையும் வைக்கிறோம். கலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நண்பர் கேட்டார். வந்து சேர்ந்தால்தானே கலை.

மெட்ரோ வேறு கதை. 2025 பிப்ரவரியில் கட்டணம் ஏறி, அதிகபட்சம் 60 ரூபாயாக இருந்தது 90 ஆனது. தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகளில் சிலர் அந்த மாதத்தோடு நின்றுவிட்டார்கள். அல்சூரில் நிலையம் இருப்பதைப் பெருமையாக அழைப்பிதழில் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பஸ் எண்களை முதலில் போடுகிறேன்.

தாலாட்டுப் பிற்பகலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யோசனை எளிமையானது: அவரவர் மொழியில், அவரவர் வீட்டுத் தாலாட்டைப் பாட வேண்டும். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய அரங்கு; மேலே இரும்பு உத்தரம், கீழே சிமெண்டுத் தரை. ஜமக்காளம் விரித்து, முட்டி வலி உள்ளவர்களுக்குச் சுவரோரம் நாற்காலி போட்டு, நடுவில் மைக் வைத்திருந்தோம். கூட்டம் வந்தது. யாரும் பாடவில்லை. “எனக்கு எங்கே பாட வரும்” என்று ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டினார்கள். மைக்கைக் கண்டாலே முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார்கள். தேநீரைச் சீக்கிரம் கொடுத்து முடித்துவிடலாமா என்று எங்கள் பெண் என் காதில் கேட்டாள்.

ஒரு பாட்டியோடு வந்திருந்த பேரக்குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. பாட்டி எழுந்து நின்று மேலே பார்த்தார். பந்தல்காரத் தம்பியை அழைத்து, “அந்தக் கம்பியில் இந்தப் புடவையைக் கட்டு கண்ணு” என்றார். மேசை விரிப்புக்காகக் கொண்டுவந்த பருத்திப் புடவையை அவன் ஏணி வைத்து உத்தரத்தில் முடிந்தான். பாட்டி முடிச்சை இரண்டு முறை தொங்கி இழுத்துப் பார்த்தார். பிறகு குழந்தையைத் தூளியில் போட்டு, ஒரு சின்ன மரக்குச்சியைக் குறுக்கே செருகித் துணியை விரித்துவிட்டார், காற்று போகட்டும் என்று. கை தூளியைத் தொட்டதும் குரல் தானாக வந்தது. ஆராரோ என்று மெல்லிய இழுப்பு. பின்பு மாமன் வந்தான், அத்தை அடித்தாள் என்று வழக்கமான வரிசை. யாரைப் பார்த்தும் பாடவில்லை. தூளிக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கை ஓய்ந்தபோது பக்கத்தில் இருந்த கன்னடக்கார அம்மா தூளியைப் பிடித்துக்கொண்டு தன் மொழித் தாலாட்டான ஜோகுளத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகு சிவாஜிநகரிலிருந்து வந்திருந்த ஒரு நன்னி (பாட்டி), தக்கினியில். மைக்கை நான் ஓசைப்படாமல் எடுத்துப் பெட்டியில் வைத்தேன். குழந்தை எப்போதோ தூங்கிவிட்டது. எழுந்து அழுமோ என்று கூட்டம் முழுக்கக் குரலைத் தாழ்த்திப் பேசியது. பதிவு செய்ய வந்திருந்த ஒலிப்பதிவுக்காரர் மட்டும் ஒரு வார்த்தையும் சரியாக விழவில்லை என்று சலித்துக்கொண்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. இப்போதெல்லாம் ஒலிபெருக்கிக்கு முன்பு தூளிக் கயிறு கட்ட உத்தரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அன்று பாடியவர்களில் ஒருவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தோண்டிய இடம் அது. பழைய வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போன தமிழ்க் குடும்பங்கள். சுரங்கம் போன பிறகு ஊரில் வேலை இல்லை. இன்றும் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு வந்து வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புகிறவர்கள் ஏராளம். அந்த அம்மாவின் தாலாட்டில் சங்கு ஊதும் நேரம் வந்தது, அப்பன் குழிக்குள் இறங்கும் நேரம் வந்தது. பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தார். ஏனம்மா என்றால், “ரயில் போய்விடும்” என்றார். எனக்கு மீதிப் பாட்டு வேண்டியிருந்தது. அவருக்கு உட்கார இடம் வேண்டியிருந்தது, தாமதமாகப் போனால் பங்காரப்பேட்டை வரை நின்றுகொண்டே போக வேண்டும். அதிலிருந்து தங்கவயல்காரர்கள் வரும் நாட்களில் அவர்களைத்தான் முதலில் பாடச் சொல்கிறோம். ரயில் அட்டவணை மாறினால் நிகழ்ச்சி நிரலும் மாறும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுதுபவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ஞாயிறு பிற்பகல்களில் லாபம் கிடையாது. அந்தச் செலவைத் தாங்குவது கோலம். பொங்கல், மார்ச் 8, தசரா சமயங்களில் ஐ.டி. நிறுவனங்களின் மனிதவளத் துறையினர் ஊழியர்களுக்கு ஏதாவது கலைப் பயிற்சி நடத்தித் தரச் சொல்லிக் கேட்பார்கள். அங்கே நாங்கள் அனுப்பும் ஆசிரியை திருவண்ணாமலைப் பக்கத்து அக்கா ஒருவர். காலையில் வீட்டு வேலை, பிற்பகலில் கோல வகுப்பு. பதினைந்து புள்ளியில் தொடங்கி எட்டில் முடியும் ஊடுபுள்ளிக் கோலத்தை, பேசிக்கொண்டே, தாளைப் பார்க்காமல் போடுவார்.

அலுவலகத் தரையில் கம்பளம். அரிசி மாவுக்கு அனுமதி இல்லை, எறும்பு வருமாம். எறும்பு வருவதற்குத்தானே அரிசி மாவு என்று அக்கா என்னிடம் தமிழில் முணுமுணுத்தார். கறுப்புச் சாயம் அடித்த பிளைவுட் பலகைகளில் கல்மாவை வைத்து நடத்துகிறோம். இளைஞர்கள் உப்புப் போடுவதுபோல் மாவைத் தூவுவார்கள். அக்கா அவர்கள் மணிக்கட்டைப் பிடித்து, “கையை நகர்த்து, மாவு தானாக வரும்” என்பார். கம்பி நேராக விழுந்ததும் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், காவலாளி அக்காவைப் பார்த்ததும் சரக்கு ஏற்றும் லிஃப்டைக் காட்டினார். துப்புரவுப் பணிக்கு வந்தவர் என்று நினைத்துவிட்டார். அக்கா ஒன்றும் சொல்லாமல் அதிலேயே ஏறி மேலே போய்விட்டார். எனக்குத்தான் அன்று முழுக்கப் பொருமல். இப்போது எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: ஆசிரியையின் வருகை அட்டையில் ‘பயிற்றுநர்’ என்று அச்சிட வேண்டும், நிறுவனத்தார் ஒருவர் வாசலுக்கு வந்து அழைத்துச் செல்ல வேண்டும். மனிதவளத் துறையில் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

பணம் வருவது தனிப் போராட்டம். குறு, சிறு தொழில்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள்தான். சட்டம் இருந்தது, பணம் வரவில்லை. பொங்கல் கோலத்துக்குச் சித்திரையில் காசு வந்த காலம் உண்டு. வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 43பி(எச்) என்ற சின்னப் பிரிவு நிலைமையை மாற்றியது. கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், பணம் உண்மையில் கைமாறும் ஆண்டில்தான் எங்கள் சேவையை வாங்கிய நிறுவனம் அதைச் செலவாகக் காட்டிக்கொள்ள முடியும். வரி கூடும் என்றதும் கணக்குத் துறை விழித்துக்கொண்டது. மார்ச் மாதத்தில் அவர்களே அழைத்து, “மேடம், உங்கள் உத்யம் சான்றிதழ் அனுப்புங்கள்” என்று கேட்டார்கள். குறு, சிறு தொழில் என்பதற்கான அரசுப் பதிவுதான் உத்யம்; இன்வாய்ஸின் தலையிலேயே அந்த எண்ணை அச்சிட்டு வைத்திருக்கிறேன். இதே தொழிலுக்குள் வரும் பெண்களுக்கு நான் கொடுக்கும் முதல் யோசனை இதுதான். அழகான லோகோ பிறகு செய்துகொள்ளலாம்.

இதை ஏன் அறக்கட்டளையாக நடத்தவில்லை என்று கேட்பவர்கள் பலர். பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிகள் சட்டம். அந்தப் பணம் பெரும்பாலும் அறக்கட்டளை, சங்கம், லாப நோக்கமில்லாத எட்டாம் பிரிவு நிறுவனம் என்ற வழிகளில்தான் போகும். என்னைப் போன்ற தனிக் கடைக்கு வராது. தெரிந்துதான் இந்தப் பக்கம் நிற்கிறேன். அறக்கட்டளை என்று ஆனால் பாட வருபவர் பயனாளியாகிவிடுவார். எத்தனை பயனாளிகள் என்று அறிக்கை எழுத வேண்டும், புகைப்படத்தில் அவர் சிரிக்க வேண்டும். இங்கே பாடியவருக்குச் சம்பளம் உண்டு, அன்றைக்கே, கைப்பேசியில். கேட்க வருபவருக்கு முப்பது ரூபாய் டிக்கெட் உண்டு. இலவசம் என்று அறிவித்தால் பதிவு குவியும், நாற்காலி காலியாகக் கிடக்கும். முப்பது ரூபாய் கொடுத்தவர் மழையிலும் வருகிறார். மைக் சரியில்லை என்று சண்டையும் போடுகிறார். அந்தச் சண்டை எனக்கு வேண்டும்.

அரங்கு கேட்டுப் போகும்போது, “தமிழ் நிகழ்ச்சியா?” என்று தயங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காவிரிக் கலவரம் நடந்த 1991-ஐயும், மறுபடி அதற்காகப் பஸ்கள் எரிந்த 2016 செப்டம்பரையும் இந்த ஊர்த் தமிழர் யாரும் மறக்கவில்லை. அரங்கு உரிமையாளர்களும் மறக்கவில்லை. அல்சூர் ஏரிப் பக்கத்துத் திருவள்ளுவர் சிலையே 1991 முதல் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. நாலு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரண்டு முதலமைச்சர்கள் சேர்ந்து கொடுக்கல் வாங்கலாக முடித்துவைத்த காரியம். நான் அந்த அளவுக்கெல்லாம் போவதில்லை. கடைப் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-இல் சட்டத் திருத்தம் வந்தபோது, நிகழ்ச்சித் தட்டிக்கும் அதே அளவை வைத்துக்கொண்டேன். மேலே பெரிதாகக் கன்னடம், கீழே தமிழும் உருதும். பிளெக்ஸ் வைக்க இங்கே அனுமதி இல்லை, துணியில் எழுதுகிறோம். எழுதுபவர் சிவாஜிநகர் ஓவியர் ஒருவர், எந்த மொழியையும் வாசிக்கத் தெரியாமலே வரைந்தாரோ என்று நினைக்கும்படி எல்லா எழுத்தையும் ஒரே வளைவில் போடுவார். அழகாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. ஆண்கள் வருவதில்லை. அரங்கில் பெண்களும் பிள்ளைகளும்தான். பெண்களைக் கேட்டால், “அவர் ஸ்டாண்டில் இருப்பார்” என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஆட்டோ ஓட்டும் தமிழர்கள் அதிகம். அவர்களுடைய கோபமும் எனக்குத் தெரியும். எந்த டிக்கெட் என் அரங்கை நிரப்பியதோ அதே டிக்கெட்தான் அவர்கள் சவாரியைக் குறைத்தது. 2023 செப்டம்பர் 11-ஆம் தேதி தனியார் போக்குவரத்துச் சங்கங்கள் பெங்களூர் பந்த் நடத்தியதில் சக்தி திட்டத்தின் மீதான குறையும் ஒன்று. 2025 ஆகஸ்டில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய் என்று மீட்டர் உயர்ந்தது. அதனால் குறைந்த சவாரி திரும்பிவிடாது என்கிறார்கள். ஒரே வீட்டில் மனைவி காசில்லாமல் பஸ்ஸில் ஏறி என் நிகழ்ச்சிக்கு வருகிறார், கணவர் அதனால் வருமானம் குறைந்தது என்று உட்கார்ந்திருக்கிறார். அவரை ஞாயிறு மூன்று மணிக்குத் தாலாட்டுக் கேட்க வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே நானே ஸ்டாண்டுக்குப் போனேன். நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவத்தை ஒட்டி எங்கள் பகுதி ஆட்டோ ஸ்டாண்டுகள் மாதம் முழுக்க விழா எடுக்கும். மஞ்சள் சிவப்புக் கொடி, புவனேஸ்வரி தாயின் படம், இரவில் ஆர்கெஸ்ட்ரா. கொடி கட்டுபவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்பு ஒரு மணி நேரம் எனக்குக் கொடுங்கள், ஓட்டுநர்களே மேடையேறித் தாங்கள் ஏற்றிய மறக்க முடியாத சவாரியைச் சொல்லட்டும், கன்னடமோ தமிழோ உருதோ, எதில் வருகிறதோ அதில், என்றேன். ஸ்டாண்ட் தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு, “கதை இருக்கட்டும் மேடம், ஸ்பீக்கர் யாருடையது?” என்று கேட்டார். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் அவர்களுடைய பாட்டில் ஒரு மணி குறையும். ஏழு மணிக்குத் தொடங்க வேண்டியதை ஆறுக்கு இழுக்கலாம் என்றால், ஆறு மணி சவாரி நேரம்.

கடைசியில் எட்டரை முதல் ஒன்பது, அரை மணி நேரம், என்ற அளவில் பேச்சு வந்து நின்றிருக்கிறது. கதை சொல்லும் ஒவ்வொருவருக்கும் சம்பளம் உண்டு என்றபோது நம்பவில்லை. பிறகு எவ்வளவு என்று கேட்டார்கள். ஸ்பீக்கரும் லைட்டும் என் செலவு என்று ஒப்புக்கொண்டு கொட்டேஷன் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஜெனரேட்டருக்கு டீசல் யார் போடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.